ஒரு கிண்ணம் சோறு

பசியாறிவிட்டீர்களா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நம் தோட்டங்களில் எவரும் எவர் வீட்டுப் படியிலும் ஏறுவதில்லை. காலையில் வழியில் கண்டால் "பசியாறியாச்சா?" என்போம். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்செல்லாம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் "சுடா மாக்கான்?" என்று கேட்கிறார். கடைத்தெருவில் சீனர்கள் ஒருவரையொருவர் சோறு சாப்பிட்டாயிற்றா என்று நலம் விசாரித்துக்கொள்கிறார்கள். தூரத்துக் கொரியா நாட்டிலும் இப்படியே கேட்கிறார்கள். அந்நாட்டு மொழியில் சோற்றையும் சாப்பாட்டையும் ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. 'பாப்' என்பது அந்தச் சொல். 'பாப் சாப்பிட்டாயா?' என்று கேட்டால், நலமாக இருக்கிறாயா என்று பொருள்.

சோறு உண்ணும் மக்களுக்கெல்லாம் வயிற்று நலமே வாழ்வின் நலமாகத் தோன்றியிருக்கிறது. ஆகவே, எளிய ஒரு கிண்ணம் சோற்றைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறோம். சோற்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நாங்கள் வகுப்பறையில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால், ஏன் பேச வந்தோம் என்பது உங்களுக்கே விளங்கும்.

நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் உடல்நலப் பாடம் நடந்துகொண்டிருந்தது. காலையில் என்ன பசியாறினீர்கள் என்று பிள்ளைகளை வரிசையாகக் கேட்டோம். ஒருவன் ரொட்டி என்றான். மற்றொருவன் மீ என்றான். இன்னொரு பெண் பிஸ்கட்டும் மைலோவும் என்றாள். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "ரொட்டியும் முட்டையும், டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த நொடியே பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பொய் சொல்றா, டீச்சர். அவங்க பாட்டி பழைய சோறுதான் குடுப்பாங்க." வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தப் பிள்ளை மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிப்பை நாங்கள் அடக்கினோம். ஆனால் அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. பாடத்தைத் தொடர்ந்தோம்.

இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமைச் சபைகூடலில் அந்தப் பிள்ளை மயங்கி விழுந்தாள். மலைக்குளிரில் கால் நடுங்க நின்ற பிள்ளை அப்படியே சரிந்துவிட்டாள். சுடு தண்ணீர் கொடுத்து விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த இரண்டு வாரமும் பாட்டி கொடுத்த சோற்றை, பாட்டி பார்க்காத நேரத்தில் கோழிக்குக் கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்திருக்கிறாள்.

செய்தி கேட்டுப் பாட்டி ஓடி வந்தார். முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "டீச்சர், நான் ஒண்ணும் கெட்டுப்போனதைக் குடுக்கலியே? எங்க ஆத்தா எனக்குக் குடுத்ததுதானே, நான் இவ அப்பனுக்குக் குடுத்ததுதானே?" எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில், அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் தொங்கியது. 'சத்தான காலை உணவு' என்று தலைப்பிட்டு நாங்களே ஒட்டிய படம் அது. அதில் வெட்டிய ரொட்டி இருந்தது, பால் குவளை இருந்தது, ஆப்பிள் இருந்தது. சோறு இல்லை. அந்தப் பிள்ளைக்கு வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் பின் வரிசைப் பிள்ளைகள் மட்டுமல்ல, நாங்களுந்தான் என்பது அப்போது புரிந்தது.

அதே வாரம் வேறொன்றும் நடந்தது. இந்நாளில் நம் பிள்ளைகளுக்குக் கொரிய நாட்டுத் தொடர்கதைகளில் எவ்வளவு மோகம் என்பது உங்களுக்குத் தெரியும். லயத்து வீடுகளிலும் கைப்பேசியில் அதைத்தான் பார்க்கிறார்கள். தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ போனால் கொரிய மீ வாங்கித் தரச் சொல்லி அழுகிறார்கள். அன்று ஒரு மாணவன், முந்திய இரவு பார்த்த கதையைத் தோழர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கதாநாயகி வேலை முடிந்து களைத்து வீட்டுக்கு வந்தாளாம். ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, அதன்மேல் ஒரு முட்டையை வைத்து, கரண்டியால் கலந்து சாப்பிட்டாளாம். "பார்க்கவே நல்லா இருந்துச்சு, டீச்சர்" என்றான். கிண்ணத்தில் என்ன இருந்தது என்று கேட்டோம். "சோறு, முட்டை" என்றான். நம் பாட்டி தரும் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "சோறு" என்றான். பிறகு அவனே சிரித்துவிட்டான்.

அவன் கண்ட அந்தக் கொரியச் சோற்றுக்குக் 'கியெரான் பாப்' என்று பெயர். முட்டைச் சோறு என்று பொருள். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சூடான சோறு, பொரித்த முட்டை ஒன்று, ஒரு கரண்டி கிச்சாப், சில துளி நல்லெண்ணெய், அவ்வளவே. தொட்டுக்கொள்ளக் கிம்ச்சி என்னும் புளிக்கவைத்த கோஸ். அம்மா வேலைக்குப் போகும் அவசரத்தில் பிள்ளைக்குச் செய்து தருவது அது. வெளியூரில் படிக்கும் பிள்ளை, வீட்டு நினைவு வந்தால் தானே கலந்து உண்பதும் அதுதான். சோறு வடித்த சட்டியின் அடியில் பிடித்த காந்தலையும் அவர்கள் வீணாக்குவதில்லை. அதில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, உணவுக்குப் பின் இளஞ்சூட்டில் குடிக்கும் பழக்கம் அங்கே உண்டு. நம் வீட்டு நீராகாரத்துக்கு அது தம்பி முறை என்று சொல்லலாம்.

கொரிய மக்கள் எப்போதும் வளத்தோடு வாழ்ந்தவர்கள் அல்லர். 1950 முதல் 1953 வரை நடந்த போரில் அந்நாடு சின்னாபின்னமாயிற்று. அரிசி அரிதாயிற்று. 1970களில் அரிசியைச் சேமிப்பதற்காகப் பார்லி முதலிய தானியங்களைக் கலந்து உண்ணும்படி தென்கொரிய அரசாங்கம் மக்களை வற்புறுத்தியது. பள்ளிகளில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் சோற்றுப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்படிப்பட்ட வறுமையிலிருந்து எழுந்த மக்கள், வசதி வந்த பிறகும் தங்கள் எளிய கிண்ணத்தைத் தூக்கி எறியவில்லை. குடும்பமும் அண்டை வீட்டாரும் ஒன்றுகூடிக் கிம்ச்சி போடும் அவர்கள் வழக்கத்தை, 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. புளிக்கவைத்த கோசுக்கு அவ்வளவு பெருமை. நாமோ புளித்த சோற்றுக்கு வெட்கப்படுகிறோம்.

நேயர்களே, நம் சோற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது இந்த மலாயா மண்ணில், நம் முன்னோர் உயிரோடு பின்னிக் கிடக்கும் வரலாறு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான மக்களைக் கொண்டுபோயிற்று. காலில் மரமரப்பு வரும். கால் வீங்கும். நடை தளரும். இறுதியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களே பெரும்பாலும் இதற்கு இரையானார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், அதே கடினமான உழைப்பில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் அவ்வளவாகத் தொடவில்லை. காரணம் என்ன?

நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த டாக்டர் பிராடன் என்பவர் இதைக் கூர்ந்து கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. வேறுபாடு அரிசியில்தான் இருக்கிறது என்று அவர் 1907ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் தவறு. ஆனால் அவர் சுட்டிய இடம் சரி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் ஃபிளெட்சர் என்பவர் 1905-06ஆம் ஆண்டில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்கு நோய் வந்தது, இறந்தவர்களும் உண்டு. புழுங்கல் அரிசி உண்டவர்கள் ஏறக்குறைய எல்லாருமே தப்பினார்கள். பின்னர், 1900இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலானில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் ஆராய்ந்து இதை உறுதிப்படுத்தினார்கள். அரிசியை மாற்றினால் நோயும் இடம் மாறியது. கேட்டறியாமல் ஏழைகளையும் நோயாளிகளையும் வைத்துச் சோதிக்க இன்று எந்த மருத்துவரையும் அனுமதிக்க மாட்டார்கள். ஆயினும் அவர்கள் பட்ட பாட்டினால் உலகத்துக்கு ஓர் உண்மை கிடைத்தது.

அந்த உண்மை இதுதான். நெல்லின் தவிட்டில் தயாமின் என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. பி1 என்றும் சொல்வார்கள். அரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தினால், அவிக்கும்போதே அந்தச் சத்தில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிவிடும். ஜாவாவின் பத்தாவியா நகரில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி கொடுத்து இதே நோயை ஆராய்ந்த எய்க்மன் என்னும் டச்சு மருத்துவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1929இல்தான் நம் கேமரன் மலையில் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செடி நட்ட நம் முன்னோர் நோபல் பரிசைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் தூக்குச் சட்டியில் புழுங்கல் அரிசிச் சோறு இருந்தது.

பிறகு போர் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்தது. மக்கள் மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் உண்டு உயிர் வாழ்ந்தார்கள். தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்கள் பலர். அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள், தட்டில் ஒரு பருக்கை மீந்தாலும் பொறுக்கமாட்டார்கள். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும் கைக்குப் பின்னால் அந்தப் பசியின் நினைவு இருக்கிறது. அந்தக் கை கொடுக்கும் கிண்ணத்தைக் கோழிக்குக் கொட்டும்படி நம் பிள்ளைகளை நாம் வளர்க்கலாமா?

இனி, அந்தக் கிண்ணத்தை எப்படிச் சரியாக நிரப்புவது என்று பார்ப்போம். பெருமை பேசினால் மட்டும் போதாது. பழையது என்பதால் எல்லாமே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது.

முதலில், சோறு ஆக்குவது. மலையில் சோறு வேகவும் பருப்பு வேகவும் நேரமாகிறது என்று தாப்பாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அது அவர்கள் கைத்தவறு அன்று. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று பார்த்தால் போதாது, சூடு குறைவு. ஆகவே அரிசியைச் சற்று ஊறவைத்து, கூடுதலாகச் சில நிமிடங்கள் வேகவிடுங்கள். பலமுறை கசக்கிக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். ஒன்றிரண்டு முறை அலசினால் போதும். வடிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் வடிகஞ்சியைக் கொட்டாதீர்கள். சிறிது உப்பிட்டு இளஞ்சூட்டில் குடிக்கலாம். அதிலும் சத்து இருக்கிறது.

அடுத்து, பழைய சோறு. ஊறவைத்த சோற்றில் தயிரைப் புளிக்கச் செய்யும் அதே வகை நுண்ணுயிர்கள் வளர்ந்து புளிப்பை உண்டாக்குகின்றன. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி விரைவில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அண்மை ஆண்டுகளில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எவ்வளவு உதவும் என்று ஆராய முற்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் இதில் கவனமும் வேண்டும். சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி வளரக்கூடும். அதன் வித்து, சோறு வெந்தாலும் சாகாது. வெந்த சோற்றை வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் விட்டுவிட்டால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மின்சாரக் குக்கரை அணைத்துவிட்டு, மூடியபடியே சோற்றை இரவெல்லாம் விடுவது பல வீடுகளில் நடக்கிறது. அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றிப் பரப்பி ஆறவிடுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைச் சோறு மூழ்கும்படி ஊற்றுங்கள். ஒரு கரண்டி தயிரோ மோரோ கலந்தால் புளிப்பு விரைவில் பிடிக்கும். கையை விட்டுக் கலக்காதீர்கள், கரண்டியால் கலக்குங்கள். மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே உண்டு முடித்துவிடுங்கள். கீழ்நாட்டில் ஓரிரவில் நன்றாகப் புளிக்கும் சோறு, நம் மலைக்குளிரில் அவ்வளவு புளிக்காது. புளிக்கட்டும் என்று இரண்டாம் நாளுக்கு வைக்காதீர்கள். கொழகொழப்போ, நூலோ, கெட்ட வாடையோ தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். அப்போது கொட்டுவது வீண் அன்று. கைக்குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கர்ப்பிணிப் பெண்களுக்கும் பழையது வேண்டாம். அவர்களுக்குப் புதிதாகக் காய்ச்சிய கஞ்சியே ஏற்றது. குளிர்பெட்டி உள்ளவர்கள் சோற்றை அதில் வைத்து, காலையில் ஒருமுறை ஆவி பறக்கச் சுடவைத்துக் கொடுக்கலாம். குளிர்காற்றில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்குச் சூடான கிண்ணம் இன்னும் இதமாக இருக்கும்.

மூன்றாவது, சோற்றோடு என்ன சேர்ப்பது. இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். கிண்ணம் நிறையச் சோறும், ஒரு துண்டு ஊறுகாயும் வைத்தால் வயிறு நிறையும், உடல் வளராது. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு ஓர் எளிய கணக்குச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை. அரைப் பங்கு காய்கறியும் பழமும். கால், கால், அரை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நீரிழிவு நம் மக்களிடையே மிகுந்திருக்கும் இந்நாளில் பெரியவர்களுக்கும் இதே கணக்குத்தான். பழைய சோறானாலும் புதுச் சோறானாலும் அளவு மீறினால் சர்க்கரை ஏறவே செய்யும்.

ஒரு பிள்ளையின் கிண்ணத்துக்கு எங்கள் யோசனையைக் கேளுங்கள். ஓரிரு அகப்பைச் சோறு. ஒரு முட்டை, அவித்தோ பொரித்தோ வைக்கலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை இல்லாத நாளில் ஒரு பிடி நெத்திலியைக் கழுவி வறுத்துப் போடலாம், அல்லது இரவு மீந்த பருப்பைச் சுடவைத்து ஊற்றலாம். நம் மலையில் விளையும் கோஸ், தக்காளி, கீரை இவற்றில் ஒன்றை நன்றாகக் கழுவி வதக்கிச் சேர்க்கலாம். இரண்டு சின்ன வெங்காயம். ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெய். இதைச் செய்யப் பத்து நிமிடம் போதும். கொரியக் கிண்ணத்துக்கு இது எந்த வகையிலும் குறைந்ததன்று.

உடனடி மீ பற்றியும் ஒரு வார்த்தை. எப்போதாவது ஆசைக்கு உண்பதைக் குறை சொல்லவில்லை. நாள்தோறும் பசியாற அது ஏற்றதன்று. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பல மீ பொட்டலங்களில் ஒன்றிலேயே அதில் பாதியோ அதற்கு மேலோ இருக்கிறது. பிள்ளைக்குச் செய்துதான் ஆக வேண்டுமென்றால், தூளில் பாதியை எடுத்துவிட்டு, முட்டையும் கீரையும் சேர்த்துச் செய்யுங்கள்.

இறுதியாகத் தேநீர். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேநீரைக் குறை கூறுகிறோம் என்று கோபிக்க வேண்டாம். நம் பிழைப்பு அது. ஆனால் உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் முழுமையாக ஏற்காது. இரத்தச் சோகையுள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். உண்டு ஒரு மணி நேரம் சென்றபின் தேநீர் குடியுங்கள். உணவோடு தக்காளியோ, எலுமிச்சைச் சாறோ, கொய்யாப்பழமோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும்.

பொழுது விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிண்ணம் தாய் ஒருவர் பொறுப்பு மட்டும்தானா என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். இரவே வெங்காயத்தை உரித்து வைக்கத் தகப்பனால் முடியும். முட்டையை அவிக்க மூத்த பிள்ளையால் முடியும். வீட்டிலிருக்கும் பாட்டியும் தாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணச் செய்யலாம். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பது நம் பழமொழி. தள்ளிப்போட்டால் எதுவும் கைகூடாது என்பதற்குச் சொல்வது. நாளைக்கு என்று தள்ளாமல் இன்றிரவே தொடங்குங்கள்.

எல்லாவற்றையும்விட ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் காதுபட, "நமக்கு என்ன, பழைய சோறுதான்" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சலிப்புத்தான் பிள்ளை மனத்தில் வெட்கமாக முளைக்கிறது. வெட்கம் முளைத்த பிள்ளை பொய் சொல்லும், பசியோடு நிற்கும்.

எங்கள் பங்குக்கு நாங்களும் திருந்தினோம். சுவரிலிருந்த அந்தப் படத்தைக் கழற்றிவிட்டோம். அவரவர் வீட்டில் உண்ணும் நல்ல காலை உணவை வரையும்படி பிள்ளைகளிடம் தாள் கொடுத்தோம். தோசை வந்தது, நாசி லெமாக் வந்தது, ரொட்டியும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஆளுக்கொரு கிண்ணம் சோறு கொண்டுவந்து, வகுப்பிலேயே ஒன்றாக உட்கார்ந்து உண்டோம். பாட்டியையும் அழைத்திருந்தோம். அவர் வறுத்துக் கொண்டுவந்த நெத்திலி முதலில் தீர்ந்துபோயிற்று. அன்று பின் வரிசையில் சிரித்த அதே பிள்ளைதான் இரண்டாம் முறை கை நீட்டியவள்.

மூன்றாம் வரிசைச் சிறுமி என்ன வரைந்தாள் தெரியுமா? நீல விளிம்பு வைத்த மங்குக் கிண்ணம் ஒன்று. அதில் சோறு, அருகே இரண்டு சின்ன வெங்காயம். கீழே கொட்டை எழுத்தில், 'என் பாட்டி சோறு' என்று எழுதியிருந்தாள். அந்தப் படம் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் பிள்ளையிடம் யாரேனும் "பசியாறியாச்சா?" என்று கேட்டால், அது நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்லட்டும். அதற்கு வேண்டியது ஒரு கிண்ணம் நல்ல சோறும், அதைக் கொடுக்கும்போது நம் முகத்தில் ஒரு மகிழ்ச்சியும்தான்.